அக்யுமுலேட்டர் பாடத்தில் காணாமல் போன நேரம்

ஹைட்ராலிக் அக்யுமுலேட்டர் என்றால் என்ன என்று மெக்கானிக்கல் படித்த யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும். அழுத்தத்தில் இருக்கும் எண்ணெயைச் சேமித்து வைக்கும் கலன்; எடை வைத்தது, ஸ்பிரிங் வைத்தது, வாயு நிரப்பியது என மூன்று வகை; பேட்டரி மாதிரி. நானும் பரீட்சையில் இதைத்தான் எழுதினேன். படம் போட்டு, பாகம் குறித்து, முழு மார்க்கும் வாங்கினேன்.

அப்புறம் எல்லோரையும் போல சாப்ட்வேருக்கு வந்தாச்சு. இருபது வருஷம் ஓடிப்போச்சு. கல்லூரி நண்பன் ஒருவன் மட்டும் படித்த தொழிலை விடாமல் சின்னதாக ஒரு பிரஸ் பட்டறை வைத்திருக்கிறான். சில வருஷங்களுக்கு முன்னால் அவன் ஒரு பிரஸ்ஸுக்கு அக்யுமுலேட்டர் போட வேண்டியிருந்தது. எவ்வளவு லிட்டர் வாங்குவது என்று கேட்டான். "இதென்ன பெரிய விஷயம், நான் புரோகிராம் எழுதித் தர்றேன்" என்றேன். எழுதியும் கொடுத்தேன். பத்து வரி இருக்கும். அந்தப் பத்து வரியும் பாடப்புத்தகத்தில் இருந்தபடியே இருந்தன. விடை தப்பு.

அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதின் குறிப்புதான் இது. வீட்டில் இருக்கும் நாலு பாடப்புத்தகங்களை எடுத்து இந்த அத்தியாயத்தை மட்டும் மறுபடி படித்தேன். பெயர் சொல்லிக் குறை கூறும் எண்ணம் இல்லை; நாலிலும் குறை ஒன்றேதான். பம்ப், வால்வு, சிலிண்டர் பற்றி நன்றாகச் சொல்லும் அதே ஆசிரியர்கள் இந்த இடத்தில் மட்டும் ஒன்றரைப் பக்கத்தில் ஓடிவிடுகிறார்கள். அந்த ஓட்டத்தில் விட்டுப்போனது ஒரே ஒரு விஷயம்: நேரம். எவ்வளவு வேகமாக, எத்தனை தடவை, மெஷினை நிறுத்திய பிறகு என்ன என்ற மூன்று கேள்விகளும் பாடத்தில் இல்லை.

பேட்டரி என்ற உவமை

முதலில் அந்த 'பேட்டரி மாதிரி' என்பதைப் பார்ப்போம். அக்யுமுலேட்டரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் நியூகாசில் ஊர்க்காரர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங். வக்கீலாக இருந்து பொறியாளர் ஆனவர். துறைமுகங்களில் தண்ணீர் அழுத்தத்தால் ஓடும் கிரேன்களை அமைத்தார். அழுத்தத்துக்கு அவர் முதலில் நம்பியது உயரத்தை. கிரிம்ஸ்பி துறைமுகத்தில் 1852-ல் முடிந்த கோபுரம் 94 மீட்டர் உயரம். அதில் சுமார் 60 மீட்டர் உயரத்தில் 30,000 கேலன் தொட்டி. அவ்வளவு கட்டியும் கிடைத்த அழுத்தம் 6, 7 பார்தான்.

ஹம்பர் கரையில் இருக்கும் நியூ ஹாலண்டில் அந்த மாதிரி கோபுரம் கட்ட முடியவில்லை. மண் மணல், அஸ்திவாரம் தாங்காது. அதனால் 1850-51 வாக்கில் ஆம்ஸ்ட்ராங் வேறு வழி பார்த்தார். செங்குத்தாக ஒரு வார்ப்பிரும்பு சிலிண்டர், அதற்குள் ஏறி இறங்கும் ஒரு தூண் (இதைத்தான் 'ராம்' என்கிறோம்), தூணின் தலையில் பெரிய எடை. பம்ப் தண்ணீரை உள்ளே தள்ளினால் எடை ஏறும். கிரேன் தண்ணீர் கேட்டால் எடை இறங்கும். 40 பார் அளவுக்கு அழுத்தம் கிடைத்தது. அதாவது கிரிம்ஸ்பி கோபுரம் கட்டி முடிப்பதற்குள்ளேயே அதற்கு மாற்று வந்துவிட்டது. 1892-ல் அந்தக் கோபுரத்துக்குப் பக்கத்திலேயே, அதன் உயரத்தில் கால் பங்கு மட்டும் இருக்கும் ஒரு அக்யுமுலேட்டர் கட்டடத்தையும் எழுப்பினார்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போடலாம். கிரிம்ஸ்பித் தொட்டியில் 136 டன் தண்ணீர், 60 மீட்டர் உயரத்தில். மின்சாரக் கணக்கில் சுமார் 22 யூனிட். இன்னொரு பக்கம் லண்டன் டவர் பிரிட்ஜ். 1894-ல் திறந்த இந்தப் பாலத்தில் ஆறு அக்யுமுலேட்டர்கள். 20 அங்குல ராம், சதுர அங்குலத்துக்கு 750 பவுண்டு அழுத்தம், அதாவது 52 பார் என்று வைத்துக் கணக்கிட்டால், ஒவ்வொரு ராம் மேலும் சுமார் 107 டன் எடை உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த எடை 10 மீட்டர் ஏறினால் எவ்வளவு ஆற்றல் சேரும் தெரியுமா? 3 யூனிட்கூட இல்லை. நம் வீட்டில் ஏசி ஒரு ராத்திரி ஓடினால் இதைவிட அதிகமாகும்.

சேமிப்புதான் நோக்கம் என்றால் கோபுரம் ஜெயித்திருக்க வேண்டும். ஜெயித்தது அக்யுமுலேட்டர். ஏன்? டவர் பிரிட்ஜில் பம்பை ஓட்டிய நீராவி என்ஜின் ஒன்றின் திறன் 270 கிலோவாட். அது அந்த 3 யூனிட்டை நிரப்ப ஆகும் நேரம், இழப்புகளை விட்டுவிட்டால், 40 விநாடி. பாலத்தைத் தூக்குவதும் ஒரு நிமிட வேலைதான். எனவே அங்கே சேர்த்து வைத்தது நாளைக்கான ஆற்றல் அல்ல. அடுத்த ஒரு நிமிடத்துக்கான அழுத்தம். நம்ம பாஷையில் சொன்னால் இது டேட்டாபேஸ் இல்லை, பஃபர். வீடியோ பார்க்கும்போது நெட் கொஞ்சம் தடுமாறினாலும் படம் நிற்காமல் ஓடுகிறதே, அந்த வேலைதான்.

இது வெறும் சொல் பிடிவாதம் இல்லை. 'எவ்வளவு கொள்ளும்' என்பது சேமிப்புக்கான கேள்வி. 'எவ்வளவு நேரத்தில் வாங்கி எவ்வளவு நேரத்தில் கொடுக்கும்' என்பது பஃபருக்கான கேள்வி. பேட்டரி என்று மனதில் பதிந்துவிட்டால் முதல் கேள்வியைத்தான் கேட்போம். நான் அதைத்தான் கேட்டேன்.

பத்து வரி புரோகிராம்

நண்பனின் பிரஸ்ஸுக்குத் தேவை இதுதான். 3 நிமிடத்துக்கு ஒரு முறை, 2 விநாடிக்குள் 4.4 லிட்டர் எண்ணெய். அழுத்தம் 200 பாரில் தொடங்கலாம், 150 பாருக்குக் கீழே போகக் கூடாது. நேரடியாக பம்ப் வைத்து இதைச் செய்ய 50 எச்.பி. மோட்டார் வேண்டும். அக்யுமுலேட்டர் வைத்தால் இந்த ஒரு அசைவுக்கு 1 எச்.பி. போதும். அவனைப் போன்ற சின்னப் பட்டறைக்கு இது மெஷின் வாங்குவதா வேண்டாமா என்பதையே தீர்மானிக்கிற வித்தியாசம். இத்தனைக்கும் ஒரு தடவையில் அது கொடுக்கும் ஆற்றல் 0.02 யூனிட்தான். எல்லாமே நேரத்தில் செய்யும் வித்தை.

உள்ளே பிளாடர், அதற்குள் நைட்ரஜன். எண்ணெய் வருவதற்கு முன் நிரப்பும் அழுத்தம், குறைந்தபட்ச அழுத்தத்தில் 0.9 பங்கு: 135 பார். பாடம் சொல்வது பாயில் விதி. அழுத்தமும் கனஅளவும் பெருக்கினால் மாறாது. அதன்படி என் புரோகிராம் சொன்ன விடை 19.6 லிட்டர். கடையில் 20 லிட்டர் அளவு கிடைக்கும். "கச்சிதமா பொருந்துது பாரு" என்று பெருமையாக அனுப்பினேன்.

பாயில் விதி எப்போது சரி? வாயு மெதுவாக விரிந்து, வெளியிலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொள்ள அவகாசம் இருந்தால் சரி. 2 விநாடியில் அந்த அவகாசம் ஏது? 30 டிகிரியில் இருக்கும் நைட்ரஜன் 200 பாரிலிருந்து 150-க்குப் பாயும்போது சுமார் 6 டிகிரிக்குக் குளிர்ந்துவிடும். குளிர்ந்த வாயு அந்த அளவுக்குத் தள்ளாது. அடுக்கு 1 என்பதற்குப் பதில் 1.4 போட்டு, மெதுவாக நிரம்பி வேகமாகக் காலியாவதாகக் கணக்கிட்டால், அந்த 20 லிட்டர் கலன் 150 பாருக்கு மேல் தரக்கூடியது 3.1 லிட்டர்தான். தேவையான அளவு 28.7 லிட்டர், கடைக்கணக்கில் 32. இத்தனை அழுத்தத்தில் நைட்ரஜன் பாடப்புத்தக வாயுவாக நடந்துகொள்ளாது, உண்மையான அடுக்கு 1.4-ஐயும் தாண்டும். ஆக 28.7 என்பதுகூடத் தாராளமான கணக்கல்ல.

பாடப்புத்தகங்களுக்கு இது தெரியாதா? தெரியும். இரண்டு புத்தகங்களில் கடைசியில் ஒரு வரி இருக்கிறது: வேகமான செயல்பாட்டுக்கு அடுக்கு 1.4 எடுத்துக்கொள்ளவும். ஆனால் தீர்த்துக் காட்டும் கணக்கு எல்லாம் பாயில் விதியில்தான். அக்யுமுலேட்டர் வாங்குவதே வேகத்துக்காக. அப்படியிருக்க மெதுவான கணக்கை விதியாகவும் வேகமானதை அடிக்குறிப்பாகவும் வைப்பது தலைகீழ் இல்லையா? மாணவன் எதைக் கற்றுக்கொள்வான்? போட்டுப் பழகிய கணக்கைத்தான். நானே சாட்சி.

பிரஸ் ஓட ஆரம்பித்த முதல் வாரமே போன் வந்தது. "மாப்ளே, ஆரம்பத்துல நல்லாத்தான் அடிக்குது. கடைசியில தம் கட்ட மாட்டேங்குதுடா." வேலை முடிகிற இடத்தில்தான் அழுத்தம் தேவை, அங்கேதான் அது இல்லை. மோட்டார், வால்வு, எண்ணெய் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டோம். என் பத்து வரியைத் தவிர. நாலு மாதம் அப்படியே ஓட்டினான். அப்புறம் பிளாடர் கிழிந்தது.

செய்முறை எங்கே?

பிளாடர் ஏன் கிழிந்தது என்று புரிந்துகொள்ள, கலனை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். பாடத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. படத்தில் ஒரு முட்டை, அதற்குள் ஒரு பலூன், அவ்வளவுதான்.

உண்மையில் அது ஒரு நல்ல கதை. ஆம்ஸ்ட்ராங் காலத்துக் கலனில் மலிவான பாகம் எடைதான். இரும்புத் தகட்டில் பெரிய தொட்டி செய்து, கசடையும் சரளைக்கல்லையும் போட்டு நிரப்பினால் போதும். கஷ்டம் எல்லாம் ராமைச் சுற்றிக் கசியாமல் அடைப்பதில். அழுத்தம் மட்டும் கடைசி வரை மாறாது, அடுக்குக் கணக்கே வேண்டாம். ஆனால் 100 டன் இறங்கிக்கொண்டிருக்கும்போது வால்வைச் சட்டென்று மூடினால் குழாயில் அடி விழும். விமானத்திலும் காரிலும் அதை ஏற்றவும் முடியாது. அதனால்தான் எடையின் இடத்துக்கு வாயு வந்தது. 1940-களில் பிரெஞ்சுப் பொறியாளர் ஜான் மெர்சியே எண்ணெயையும் வாயுவையும் ரப்பர் பையால் பிரிக்கும் அமைப்புக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். 1955-ல் வந்த சிட்ரோயன் டி.எஸ். காரின் சஸ்பென்ஷனில் இருந்த உருண்டைகளும் இதே குடும்பம்தான். அவற்றில் பைக்குப் பதில் ரப்பர்த் திரை. எடை, ஸ்பிரிங், வாயு என்று பாடம் வரிசையாக அடுக்கும் 'மூன்று வகை'களுக்குப் பின்னால் இப்படி ஒரு காரணக் கோவை இருக்கிறது. பட்டியலாகப் போட்டதும் காரணம் உதிர்ந்துபோகிறது.

இன்றைய பிளாடர் கலனின் கூடு பெரும்பாலும் தையல் இல்லாத குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாய். இரண்டு முனைகளையும் பழுக்கக் காய்ச்சி, சுழற்றியபடியே அழுத்தி உருட்டி மூடுகிறார்கள். வெல்டிங் இல்லை. ஒரு முனையில் வாயு நிரப்பும் சின்னத் துளை, மறுமுனையில் எண்ணெய்த் துளை. பிளாடரைக் காற்றெடுத்துச் சுருட்டி, எண்ணெய்த் துளை வழியாக உள்ளே விட்டு, ஒரு கம்பியால் மறுமுனைக்கு இழுக்கிறார்கள். அடுத்து எண்ணெய் வால்வின் உடலும் உள்ளே போகிறது. அதற்குப் பின்னால் இரண்டாக மடியும் ஒரு வளையம். மடித்து உள்ளே விட்டால் அங்கே விரிந்துகொள்ளும். வால்வு உடலை வெளிப்பக்கமாக இழுத்து அதன் மேல் உட்காரவைத்து நட்டு போடுகிறார்கள். இனி உள்ளே அழுத்தம் ஏற ஏற அந்த வாசல் இன்னும் இறுகும். தள்ளுகிற அழுத்தத்தையே பூட்டாக்கிய இந்த ஒரு யோசனையைப் பாடத்தில் சொல்லியிருந்தால் நான் இந்தத் துறையைவிட்டே வந்திருக்க மாட்டேனோ என்னவோ!

எண்ணெய் வாசலில் காளான் வடிவத்தில் ஒரு பாப்பெட் வால்வு இருக்கும். எண்ணெய் முழுக்க வெளியேறினால் பிளாடர் விரிந்து வந்து அந்தக் காளானை அழுத்தி மூடிவிடும். பை வாசலுக்குள் பிதுங்கிவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. எப்போதாவது நடக்க வேண்டியது. ஒவ்வொரு அடிக்கும் நடக்கக் கூடாது. நண்பனின் 20 லிட்டர் கலனில் என் புதுக் கணக்கை ஓட்டிப் பார்த்தால், 4.4 லிட்டரை எடுக்கும்போது அழுத்தம் நிரப்பிய அளவான 135-க்கே இறங்கிவிடுகிறது. அப்படியென்றால் ஒவ்வொரு அடிக்கும் பிளாடர் காளானை நெருங்கியிருக்கிறது, மோதியும் இருக்கலாம். ஒரு ஷிப்டுக்கு 160 தடவை. 100 வேலை நாளில் 16,000.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. காலையில் 30 டிகிரியில் 135 பார் நிரப்பினான். எண்ணெய் சூடாகி வாயுவும் 65 டிகிரிக்குப் போனால் அதே நைட்ரஜன் 151 பார் காட்டும். குறைந்தபட்ச அழுத்தத்தையே தாண்டியாச்சு. 0.9 என்பது மெஷின் ஓடும்போது இருக்கும் சூட்டுக்கான விதி, நிரப்பும் நேரத்துச் சூட்டுக்கானது அல்ல. எல்லாப் புத்தகத்திலும் 0.9 இருக்கிறது. எந்தச் சூட்டில் என்பதுதான் இல்லை.

மோட்டார் நின்ற பிறகு

இதுவரை நடந்தது காசு நஷ்டம். இனிச் சொல்வது அப்படியில்லை.

பிளாடர் மாற்ற ஒரு நாள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பட்டறையின் மூத்த பிட்டர் ஸ்பேனரோடு போனார். மோட்டார் நிற்கிறது, பம்ப் நிற்கிறது. இணைப்பை அரைத் திருகு தளர்த்தினார். புகை மாதிரி எண்ணெய் பீய்ச்சியது. அனுபவசாலி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அப்படியே பின்னால் நகர்ந்துவிட்டார். கையில் படவில்லை. பட்டிருந்தால் குண்டூசி குத்தியது போலத்தான் தெரியுமாம். ஆனால் அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலுக்குள்ளே புகுந்துவிடும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். "கரண்ட்டை அணைச்சாச்சே தம்பி, அப்புறம் எங்கிருந்து வருது?" என்று என்னைக் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லும்போது எனக்குக் குரலே எழும்பவில்லை.

200 பாரில் நிரம்பிய 20 லிட்டர் கலனின் வாயுவில் இருக்கும் ஆற்றல், முழுக்க விரிந்தால், சுமார் 530 கிலோஜூல். ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 117 கிலோமீட்டரில் போவதற்குச் சமம். மோட்டாரை நிறுத்தினால் அந்தக் கார் நின்றுவிடாது. எனவேதான் ஐ.எஸ்.ஓ. 4413 தரநிலை, மெஷின் நின்றதும் அக்யுமுலேட்டரின் எண்ணெய் அழுத்தம் தானாக வடிய வேண்டும், அல்லது கலன் பத்திரமாகத் துண்டிக்கப்பட வேண்டும் என்கிறது. கலனோடு ஒரு அடைப்பு வால்வு, ஒரு வடிகால் வால்வு, ஒரு ரிலீஃப் வால்வு சேர்ந்த பாதுகாப்பு பிளாக் போடுவது வழக்கம்.

அந்த பிரஸ்ஸில் அந்த பிளாக் இல்லை. ஏனென்றால் சர்க்யூட் வரைந்தது நண்பன். அவன் பார்த்து வரைந்தது பாடப்புத்தகத்தின் படத்தை. அந்தப் படத்தில் பம்ப், செக் வால்வு, திசை வால்வு, சிலிண்டர், அக்யுமுலேட்டர் எல்லாம் அழகாக இருக்கின்றன. வடிகால் இல்லை. 'புரிதலுக்காக எளிமைப்படுத்தியது' என்று ஆசிரியர் சொல்லலாம். ஆனால் படித்தவன் கட்டும்போது எளிமையைத்தான் கட்டுகிறான். எடுத்துக்காட்டில் பாஸ்வேர்டை அப்படியே கோடில் எழுதிக் காட்டினால், நூறு பேர் அதை அப்படியே லைவில் போடுவார்கள். என் தொழிலில் இதைத் தினம் பார்க்கிறேன்.

கூடு பற்றி ஒன்றுமே சொல்லாததன் விளைவும் அன்றே தெரிந்தது. கலனைப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப் ஆடுகிறது, கூட்டிலேயே ஒரு பட்டையை வெல்டு வைத்துவிடலாமா என்று ஒரு பையன் கேட்டான். அவன் மேல் தப்பில்லை. பட்டறையில் எல்லாவற்றுக்கும் மருந்து வெல்டிங்தான். ஆனால் வருஷத்துக்குப் பல்லாயிரம் தடவை ஏறி இறங்கும் அழுத்தத்துக்கு, வெல்டு பட்ட இடம்தான் விரிசல் தொடங்க வசதியான இடம். கூட்டில் வெல்டு வைக்கக் கூடாது, துளை போடக் கூடாது. நைட்ரஜன் தவிர வேறெதுவும், முக்கியமாக ஆக்சிஜன், நிரப்பக் கூடாது. எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். இந்த மூன்று வரிகளையும் ஒரு பக்கத்தின் ஓரத்தில் அச்சடிக்க எவ்வளவு இடம் ஆகும்?

என்ன செய்திருக்கலாம்

பாடப்புத்தகம் எல்லாவற்றையும் சொல்ல முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஒன்றரைப் பக்கம்தான் தருவார்கள் என்றாலும் அதற்குள்ளேயே திருத்திவிடலாம். பேட்டரி உவமையை எடுத்துவிட்டு 50 எச்.பி., 1 எச்.பி. கணக்கை முதல் வரியில் வைக்கலாம். தீர்த்துக் காட்டும் கணக்கை மெதுவாக நிரம்பி வேகமாகக் காலியாகும் நிலைக்குப் போடலாம்; பாயில் விதி அடிக்குறிப்புக்குப் போகட்டும். சர்க்யூட் படத்தில் வடிகால் வால்வையும் வரையலாம். மூன்று வகை என்ற பட்டியலுக்குப் பதில், மணலில் கோபுரம் நிற்காததால் பிறந்த கதையை நாலு வரியில் சொல்லலாம்.

என் பங்குக்கு புரோகிராமைத் திருத்திவிட்டேன். இப்போது அது முதலில் கேட்கும் கேள்வி 'எத்தனை விநாடி?' என்பது. பதில் தராமல் மேலே போக விடாது. நண்பன் இன்னொரு 20 லிட்டர் கலனும் பாதுகாப்பு பிளாக்கும் வாங்கிப் போட்டான். பாதிப் பணம் தருகிறேன் என்றேன், வாங்கவில்லை. "நீ படிச்ச புத்தகத்தைத்தான்டா நானும் படிச்சேன்" என்றான்.

அந்த பிட்டர் அண்ணன் பிளாக் மேல் ஒரு தகரத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். பெயின்ட்டில் அவர் கையெழுத்து: 'ஆஃப் பண்ணாலும் உசுரு இருக்கு. வடிச்சிட்டுத் தொடு.' நாலு புத்தகத்திலும் இல்லாத வரி அது.